அக்கா என்றால் என்ன அர்த்தம்?

செப்டம்பர் 12

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெட்டிதான் என்னோடு வர மனமில்லாமல் வேறு ஊர் சுற்றிவிட்டு நேற்று வந்தது. நீயும் உன் மாமாவும் சுகம்தானே? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

விடுதி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரோரமாக ஓடும் வெந்நீர்க் குழாய். அது ராத்திரி முழுக்க யாரோ கதவைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பேருந்துப் பணிமனையின் பின்பக்கம். சமையலறை பொது. பால் புட்டியில் அவரவர் அறை எண்ணை ஒட்டி வைக்க வேண்டும், ஒட்டியும் யாரோ குடித்துவிடுகிறார்கள். தொலைபேசி வரவேற்பு மேசையில்தான். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு மனசு நன்றாக இருந்தால்தான் நம்மைக் கூப்பிட்டுத் தருவாள். அதனால் கடிதமே போதும். தொலைபேசியில் நீ பேசுவதில் பாதி அழுகை, மீதி மூக்குச் சிந்தல்.

அவளைப் பார்த்துவிட்டேன். குழந்தைகள் இல்லத்து வேலைக்காரம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். மேலே மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, அதற்கு மேல் கழுத்துத்துணி. நடுவில் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. அதனால் இப்போதைக்கு அவள் பெயர் பொட்டலம். நான்கு வயது என்றால் நம்ப முடியாது, அவ்வளவு சின்ன உருவம். என் கைப்பையை வாங்கித் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்து, மறுபடி ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே போய்விட்டாள். நான் விடுதி வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

இல்லத்தின் குளியலறையில் குழந்தைகளின் துண்டுகளை மாட்ட வரிசையாகக் கொக்கிகள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் என்பதால் பெயருக்குப் பதில் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு படம். பொட்டலத்துக்குக் குடை.

தினமும் போய் அவளோடு பழக வேண்டும். பிறகு நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். அவர் தத்து உத்தரவு கொடுத்தால் அழைத்து வரலாம். தம்பதியில் ஒருவர் வந்து தங்கினால் போதும், மற்றவரின் கையெழுத்து போதும் என்று இல்லத் தலைவி மறுபடியும் உறுதி சொன்னாள்.

ஒரு விஷயம். குழந்தையிடம் என்னை என்னவென்று கூப்பிடச் சொல்வது என்று அவள் கேட்டதற்கு, உத்தரவு கைக்கு வரும்வரை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் வயிற்றில் தங்கின மறுவாரமே எல்லோரும் என்னை அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக் கேலி செய்தீர்கள். ஒன்றுகூடத் தங்கவில்லை. இந்தத் தடவை அந்த வார்த்தையை யாரும் முன்கூட்டி வாயில் எடுக்க வேண்டாம். அச்சகத்தில் பக்கம் பக்கமாகப் பிழை திருத்துகிறவளுக்கு இப்படி ஒரு மூடநம்பிக்கையா என்று சிரிக்காதே.

உன் மாமாவை இரண்டு வரி எழுதச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டியின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா?

உன் கடிதத்தை மருந்துக் கடையில் வைத்தே படித்தேன். இருமலுக்கு மருந்து கேட்டவருக்குப் பேதி மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். அவரே, "என்னம்மா, இருமினா போதும், ஓட வேண்டாம்"னு திருப்பிக் கொடுத்தார்.

என் வீட்டுக் குளியலறைக் கூரை ஒழுகுகிறது. அதனால் துணிமணிகளைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். ஒரு விதத்தில் நல்லதுதான், பொட்டலத்தின் அறையைக் கூட இருந்து தயார் செய்யலாம். நானே வெளிர்ப் பச்சை அடித்தேன். சுவரைவிட என் தலையில் அதிகம். குளியலறைக் கொக்கிக்கு மேலே ஒரு குடை வரைந்திருக்கிறேன். காளான் மாதிரி இருக்கிறது, ஆனால் குடைதான்.

மாமாவை எழுதச் சொல் என்கிறாய். அவர் என்றைக்கு எழுதினார்? கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதிய ஒரே கடிதத்தையும் நீ பிழை திருத்தித் திருப்பி அனுப்பினாய். அந்தப் பயம் மனுஷனுக்கு இன்னும் போகவில்லை. ஊரில் உள்ள லிப்ட் எல்லாம் ஒரே சமயத்தில் பழுதாகிக் கிடக்கிறது போல. வேலை அதிகம்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். எங்களைப் பற்றி யோசிக்காதே.

குட்டி


அக்டோபர் 20

அன்புள்ள குட்டிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உன் காளானைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நீ தொலைபேசியில் கூப்பிட்டாயே, அன்று முதல்முறையாகப் பொட்டலத்தை விடுதிக்கு அழைத்துவர அனுமதி கொடுத்திருந்தார்கள். அவள் என் மடியில்தான் இருந்தாள். லைன் சரியில்லாமல் நீ "அக்கா, அக்கா, கேக்குதா அக்கா"ன்னு கத்தினது வரவேற்பு அம்மாளுக்கே கேட்டது. நான் ரிசீவரை வைத்ததும் பொட்டலம் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, உன் மாதிரியே தொண்டை கிழிய, "அக்கா" என்றாள். பிறகு என் முகத்தைத் தொட்டு, "அக்கா" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அன்றிலிருந்து அக்கா, அக்காதான். கைகழுவ அக்கா, காலுறை மாட்ட அக்கா. கதவருகே என் காலடிச் சத்தம் கேட்டாலே மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு அக்கா என்று கத்துகிறார்கள். இல்லத் தலைவி முகம் சுளித்தாள். நான்தான் இருக்கட்டும் என்றேன். நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் சித்திமார் கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு பெற்றவளையே அக்கா என்று கூப்பிடுகிறார்கள். அது என்ன குறைச்சலா? உத்தரவு வந்த அன்றைக்கு அம்மா என்று மாற்றிச் சொல்லிக்கொடுத்தால் போகிறது. அதுவரை வாய்க்கு ஒரு வார்த்தை வேண்டுமே.

மொழிபெயர்க்க ஒருவரைப் பிடித்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். நம் பாஷையைப் புத்தகம் வைத்துத் தானே படித்தாராம். பார்த்ததும் "தாங்கள் நலமா? தங்கள் இல்லத்தார் அனைவரும் நலமா?" என்று கை கூப்புகிறார். நான் அவருக்கு நலமா ஐயா என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் பேசுகிற மனுஷன், எனக்கு ஒரு திருத்தம் போடவும் வழியில்லை.

நீ அவ்வளவு நேரம் பேசினாயே, அவரிடம் ஏன் கொடுக்கவில்லை? ஞாயிற்றுக்கிழமைகூட லிப்ட் வேலையா? அவர் குரலைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

கடையில் ரொம்ப நேரம் நிற்காதே.

அக்கா


நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் நலம் என்று உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த வார்த்தைக்கு இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் சொந்தக்காரி. இப்போது போட்டிக்கு ஆள் வந்துவிட்டது. பொட்டலத்திடம் சொல், பாதி தருகிறேன், முழுசும் தர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாமா தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனசு வரவில்லை. இன்று அவசரம். காலையில் எழுந்து, வெந்நீர் வைத்து, மாமாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடி வந்தேன். இப்போதுகூடக் கவுண்டரில் நின்றுதான் எழுதுகிறேன்.

அறைக்கு ஒரு சின்னக் கட்டில் வந்துவிட்டது. விசாரணை எப்போது? சீக்கிரம் முடியட்டும் அக்கா. சீக்கிரம் முடித்துக்கொண்டு வா.

குட்டி


நவம்பர் 18

அன்புள்ள குட்டிக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

முதலில் உனக்கு ஒரு திருத்தம். "பொத்தான் தைத்துக் கொடுத்தேன்" என்று எழுத வேண்டும். பொத்தான் போட்டுவிட்டேன் என்றால் நீ அவருக்குச் சட்டை மாட்டிவிட்டாய் என்று அர்த்தமாகிவிடும். அவர் என்ன கைக்குழந்தையா? இவ்வளவு வருஷம் உனக்குச் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோசனம். உன் கடிதத்திலேயே சிவப்பு மசியில் சுழித்து இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்புறம், கஞ்சியைக் கண்டாலே ஓடுகிற மனுஷனுக்கு என்ன கஞ்சி? நான் இல்லாத தைரியத்தில் நீ சமைக்கச் சோம்பல்படுகிறாய்.

அடுத்த வாரம் விசாரணை. நலமா ஐயா, "அச்சம் வேண்டா" என்றார். பொட்டலத்துக்கு ஒரு சிவப்புக் கவுன் வாங்கினேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, கண்ணாடியில் இருப்பவளிடம் தன் காலணியைக் கழற்றிக் கொடுக்கப் பார்த்தாள். அவளிடம் இருப்பதை எல்லாம் யாருக்காவது கொடுத்துக்கொண்டே இருக்கிறாள் குட்டி. ரொட்டியில் பாதி எனக்கு வைக்காமல் சாப்பிடுவதில்லை. இவளை விட்டுவிட்டு ஒருநாள்கூட இனி என்னால் இருக்க முடியாது. இதை எழுதவே பயமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

அவரிடம் சொல், அடுத்த கடிதம் நல்ல சேதி.

அக்கா


டிசம்பர் 1

குட்டிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உத்தரவு கிடைக்கவில்லை.

நீதிபதி ஒரு அம்மாள். ஜலதோஷம் போல, மேசை மேல் கைக்குட்டைகள். பிள்ளைகள் பயப்படாமல் இருக்க அறை மூலையில் ஒரு மரக்குதிரை வைத்திருக்கிறார்கள். பொட்டலம் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். நீதிபதி எழுந்து போய்க் குனிந்து, அவர்கள் பாஷையில் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். இவர் யார் என்று. பொட்டலம் கொஞ்சமும் தயங்காமல், "அக்கா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லத் தலைவிதான் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா என்றால் என்ன அர்த்தம் என்று நீதிபதி நலமா ஐயாவைக் கேட்டாள். அவர் நேர்மையானவர். மூத்த சகோதரி என்று சொன்னார். நம் வீடுகளில் பெற்றவளையும் அப்படிக் கூப்பிடுவதுண்டு என்று நான் சொன்னேன். அதையும் சரியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அப்படியானால் தாய்க்கு உங்களிடம் வேறு வார்த்தை இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அதை ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை என்றாள்.

"பயம்" என்றேன். முழுக்கதையும் சொல்ல வாய் எடுப்பதற்குள் நலமா ஐயா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். நீதிபதி எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் என்ன எழுதினாள் என்று கேட்டேன். நலமா ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இப்பெண்மணி தாய் என அழைக்கப்பட அஞ்சுகிறார்."

ஒரு காற்புள்ளி இடம் மாறினாலே சண்டைக்குப் போகிறவள் நான். என் வாழ்க்கையில் ஒரு சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. தள்ளிவைத்திருக்கிறாள், தள்ளுபடி செய்யவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் கணவரும் நேரில் வர வேண்டும், தகப்பனையும் தாயையும் குழந்தையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். அவ்வளவுதான். அவர் வந்து பக்கத்தில் நின்றால் போதும். அவர் நின்றாலே பிள்ளைகள் காலைக் கட்டிக்கொள்ளும். அவரை உடனே விடுப்பு எழுதச் சொல். உடனே பதில் போடு.

அக்கா


டிசம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

பதில் தாமதம். கடையில் கணக்கு முடிக்கிற சமயம். உன் கடிதத்தைப் படித்து மிகவும் வருத்தப்பட்டேன்.

மாமாவுக்கு விடுப்பு கிடைக்காது போலிருக்கிறது. ஆள் பற்றாக்குறை. அவர் வராமல் வேறு வழி ஏதாவது உண்டா என்று அங்கே கேட்டுப் பார். நீ மட்டும் போதாதா? நன்றாகக் கேட்டுப் பார் அக்கா.

குளிர் ஜாஸ்தி என்று செய்தியில் சொன்னார்கள். ஜாக்கிரதை.

குட்டி


ஜனவரி 10

குட்டி,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டு. அவர் படிக்க மாட்டார் என்றால் பக்கத்தில் நின்று சத்தமாகப் படி.

ஏங்க, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? நான்கு மாதமாக ஒரு வரி இல்லை. என்னோடு வந்து கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தானே? பிள்ளை வேண்டும் என்று எனக்கு முன்னால் சொன்னவர் நீங்கள்தானே? மனசு மாறிவிட்டதா? மாறியிருந்தால் சொல்லுங்கள். அதற்குக்கூட ஒரு வார்த்தை பஞ்சமா? வேலை போனால் போகட்டும், லிப்ட் நின்றால் ஜனங்கள் படியேறட்டும். வந்து என் பக்கத்தில் ஒரு நாள் நில்லுங்கள். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க என்னோடு பேசாமல் இருங்கள், நான் கேட்க மாட்டேன்.

பொட்டலத்துக்கு உங்கள் படத்தைக் காட்டியிருக்கிறேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

அவ்வளவுதான்.


ஜனவரி 22

அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். வேறு என்ன எழுதி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

படித்துக் காட்டினேன். நீ சொன்னபடி சத்தமாக, முழுவதும். அவர் அழுதார். பிறகு "சரி" என்றார்.

நீ போன இரண்டாவது வாரமே மாமா வேலை செய்கிற இடத்தில் விழுந்துவிட்டார். மொட்டை மாடியில், லிப்ட் மோட்டார் அறையில். கூட இருந்தவர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தங்கியது. வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம், சரி. பசிக்கிறதா என்றால் சரி, வலிக்கிறதா என்றால் சரி, போதுமா என்றால் சரி. முகத்தைப் பார்த்துத்தான் அர்த்தம் கண்டுபிடிக்கிறேன்.

என் குளியலறை ஒழுகவில்லை. பொத்தானும் நான் தைக்கவில்லை. நீ திருத்தியது தப்பு அக்கா, நான் சரியாகத்தான் எழுதினேன். மறந்துபோய் உண்மையை எழுதிவிட்டேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன், கண்டுபிடித்துவிட மாட்டாயா என்றும் இருந்தது. சிவப்பு மசியில் சுழித்து வந்த அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலேயே உனக்குத் தந்தி கொடுக்கிறேன் என்றேன். மாமா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சைகை காட்டிப் பேனா வாங்கி, கோணல் மாணலாக "சொல்லாதே. பிள்ளை வரட்டும்" என்று எழுதினார். அது அவருடைய ஆசை. ஆனால் அவர்மேல் பழி போட மாட்டேன். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. நவம்பரில் முடிந்துவிடும், நீ பிள்ளையோடு வந்து இறங்குவாய், அப்புறம் என்னை அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

முன்னாலேயே சொல்லியிருந்தால் ஏதாவது வழி இருந்திருக்குமா? நீ ஒருத்தியாகவே தத்து கேட்டிருக்கலாமா? அங்கே வழக்கறிஞரிடம் கேட்டு எனக்கு எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

குட்டி


பிப்ரவரி 15

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கடிதம் கிடைத்த அன்று நான் கூப்பிட்டபோது நீ அவர் காதில் வைத்தாயே, நான் ஒன்றும் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். பேசினேன். வந்துவிடுகிறேன் என்றேன். அவர் சரி என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று முகத்தைப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

நீதிபதியிடம் எதையும் மறைக்கவில்லை. நலமா ஐயா பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னார். அந்த அம்மாள் கோப்பை மூடிவிட்டாள். தத்து கேட்க அனுமதி கொடுத்தது ஆரோக்கியமான ஒரு தம்பதிக்கு, அந்தத் தம்பதி இப்போது இல்லை என்றாள். வருந்துகிறேன் என்றும் சொன்னாள், நிஜமாகவே வருந்தினாள்.

நீ கேட்டதை வழக்கறிஞரிடம் கேட்டேன். பதில் சொன்னார். அதை எழுத மாட்டேன். இனிமேல் நீயும் என்னைக் கேட்காதே. நான் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன், நீ ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தாய். இரண்டும் நல்லதுக்குத்தான்.

நேற்று கடைசியாக இல்லத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் ஒரே யோசனை, இன்றைக்காவது ஒரு தரம் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்து, அவள் வாயால் கேட்டுவிட்டுப் போகலாமா என்று. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவளிடம் அதை விட்டுவிட்டு வந்தால், அவள் கூப்பிடும்போது ஏனென்று கேட்க ஆள் வேண்டும்.

காலுறை மாட்டிவிட்டேன். ரொட்டியில் எனக்குப் பாதி வைத்தாள், சாப்பிட்டேன். அப்போது வாசல் மணி அடித்தது. பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற பெண் மருத்துவர், கையில் பையோடு உள்ளே வந்தாள். அத்தனை பிள்ளைகளும், "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். என் மடியிலிருந்து இறங்கிப் பொட்டலமும் ஓடினாள். அந்தப் பெண்ணின் பையை வாங்கி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தாள்.

வேலைக்காரம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் ஏதோ சொன்னாள். நலமா ஐயா சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை. வெளியிலிருந்து பையோடு யார் வந்தாலும் பிள்ளைகள் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். இங்கே அக்கா என்றால், வந்துவிட்டுப் போகிறவள் என்று அர்த்தமாம்.

ஒரு பிழையும் இல்லை குட்டி. திருத்த ஒன்றுமில்லை.

துண்டுக் கொக்கியைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தேன். பிறகு வந்துவிட்டேன். அவள் பையை நிரப்பிக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை விமானம் வந்து இறங்கும். அவரைத் தனியாக விட்டுவிட்டு வர வேண்டாம், பக்கத்து வீட்டில் யாரையாவது உட்காரச் சொல். அந்தப் பச்சை அறையின் கதவைச் சாத்தி வை. குடையை அழிக்காதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் கையை மட்டும் ஆட்டு. கூப்பிடாதே. கூட்டமாக இருந்தாலும் நான் உன்னைக் கண்டுபிடித்துக்கொள்வேன்.